எள்ளுருண்டையின் நிலைப்பாடு

மொட்டை மாடியிலிருந்து ஆ-ஹோக் போட்ட கூச்சலில், கீழே கஞ்சிக்கடையில் பால்கெண்டைக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி யிங்-தாவ் விரலை நறுக்கிக்கொண்டாள்.

"என்ன, விழுந்துட்டியா?" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எள்ளுருண்டை வந்துட்டா!"

"யாரு?"

"எள்ளுருண்டைடி! நம்ம எள்ளுருண்டை!"

"செத்துப்போனவங்க ஏழாம் மாசந்தானே வருவாங்க. இது ரெண்டாம் மாசம். நல்லாப் பாரு, வேற எவளாவது இருக்கும்."

வேறு எவளும் இல்லை. சாம்பல் நிற உடம்பில் எள் இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளி உள்ள பெண்புறா தைவானின் தோங்காங் ஊரிலேயே ஒன்றுதான் உண்டு. போன குளிர்காலப் பந்தயத்தில் அவளையும் ஊரார் புறாக்களையும் கூடைகளில் அடைத்துக் கப்பலேற்றி, நடுக்கடலில் திறந்துவிட்டார்கள். கடலிலிருந்து வீடு திரும்புவதுதான் பந்தயம். மற்றவை திரும்பின, அல்லது திரும்பவில்லை என்று முடிவாயின. எள்ளுருண்டை விஷயத்தில் ஆ-ஹோக் கொஞ்ச நாள் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தான். மலைப்பக்கம் வலைகட்டிப் பந்தயப் புறா பிடிக்கிறவர்கள் காலிலுள்ள எண்ணைப் பார்த்துச் சொந்தக்காரனைக் கூப்பிட்டுப் பணம் கேட்பார்கள். அவர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மரியாதையாகப் பேசுவார்கள், சொன்ன சொல் தவற மாட்டார்கள், புறா எந்த நாடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களும் கூப்பிடாமல் போகவே, யிங்-தாவ், "யாரோ இஞ்சி போட்டு சூப் வெச்சிட்டான், விடு" என்று துக்கத்தை முடித்துவைத்தாள்.

இப்போது அவளே மாடியேறி வந்து பார்த்தாள். எள்ளுருண்டை தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. வலது காலில் தோங்காங் புறாப் பந்தயச் சங்கத்து வளையம். இடது காலில் புதிதாக, பிரித்து மாட்டும் வகை நீல வளையம் ஒன்று.

"அதென்ன எழுத்து?"

"சீனா எழுத்து. பாரு, பாதிக் கோட்டைக் காணோம். அங்கேதான் அப்படிக் கோட்டைக் குறைச்சு எழுதுவாங்க."

"அடப்பாவி! கடலைத் தாண்டிப் போயிருக்கா. எவனோ வளையமும் போட்டு அனுப்பியிருக்கான்." யிங்-தாவ் குனிந்து புறாவின் வயிற்றைப் பார்த்தாள். "வளையம் மட்டுந்தான் போட்டானா?"

இரண்டு நாளில் எள்ளுருண்டை தன் பழைய பொந்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு முட்டை இட்டது. அவளுடைய பழைய ஜோடி ஆண்புறா, ஒன்றும் கேட்காமல், பகல் நேரத்தில் முட்டைமேல் உட்கார ஆரம்பித்தது. "புருசன்னா இவன் புருசன்" என்றாள் யிங்-தாவ்.

தெங் ஆ-ஹோக் எரிவாயு சிலிண்டர் சுமந்து பிழைக்கிறவன். வாழ்க்கையில் அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை. கடலைத் தாண்டித் திரும்பிவந்த புறா என்றால் சும்மாவா? இரண்டு காலும் இரண்டு வளையமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் புறாக்காரர்களின் கைபேசிக் குழுவில் போட்டான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

மறுநாள் காலை, நோய்த்தடுப்பு அலுவலகத்திலிருந்து டாக்டர் பான் என்ற இளம்பெண் ரப்பர் பூட்சும் கையுறையும் ஒரு வெள்ளைப் பெட்டியுமாக வந்தாள்.

"வெளிநாட்டிலேர்ந்து அனுமதியில்லாம தைவானுக்குள்ள வந்த பறவை. சட்டப்படி அழிக்கணும். முட்டையையும் சேர்த்து. வலிக்காது."

"யாருக்கு?" என்று கேட்டாள் யிங்-தாவ்.

ஆ-ஹோக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றான். "டாக்டரம்மா, அவ வெளிநாட்டுப் பறவை இல்லை. இந்த மாடிலதான் பொரிஞ்சா. வழி தவறிப் போய்த் திரும்பி வந்திருக்கா."

"போயிட்டு வந்தாலும் வந்ததுதானே, அண்ணே. நோய்க்கிருமி அவ எங்கே பொரிஞ்சான்னு கேக்காது."

அவள் பெட்டியைத் திறந்தபோது வாசலில் ஒரு கறுப்புக் கார் நின்றது. கோட்டு போட்ட ஒருவர் படிக்கட்டில் ஓடிவந்து, "நிறுத்துங்க!" என்றார். தைவானுக்கும் எதிர்க்கரைச் சீனாவுக்கும் இடையிலான விவகாரங்களைப் பார்க்கும் இருகரை ஒழுங்கு வாரியத்தின் துணை இயக்குநர் ஃபாங். ஆ-ஹோக்குக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"டாக்டர், உங்க உத்தரவுல என்ன சொல் எழுதியிருக்கீங்க? 'வெளிநாடு'ன்னா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு எழுதினீங்க? நம்ம அரசியல் சட்டப்படி எதிர்க்கரை வெளிநாடு இல்லை. அது நம்முடையது."

"சார், அங்கே போய் நம்மளால ஒரு கோழிக்குக்கூட ஊசி போட முடியாது."

"முடியாதுங்கிறது வேற. அவங்க சட்டப்படி நாம அவங்களுடையவங்க. நம்ம சட்டப்படி அவங்க நம்முடையவங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெச்சிருக்கோம். வெளிநாட்டுப் பறவைன்னு சொல்லி நீங்க இதைக் கொன்னா, அந்தக் கரை வேற நாடுன்னு இந்த அரசாங்கம் ஒரு புறாவை வெச்சு அறிவிச்சதா ஆயிடும். நாளைக்குக் காலைல போர்க்கப்பல் வரும். நீங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு எதிர்ல நிப்பீங்களா?"

டாக்டர் பான் பெட்டியை மூடினாள். ஆ-ஹோக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவ உள்நாட்டுப் பறவைன்னு ஆயிடுச்சு, இல்லீங்களா ஐயா?" என்றான்.

ஃபாங்கின் முகம் வெளிறியது. "ஐயோ, அதைச் சொல்லாதீங்க! அங்கே போயிட்டு வந்ததை உள்நாட்டுப் பயணம்னு சொன்னா, அவங்க இவ்வளவு நாளாச் சொல்றதை நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அடுத்த தேர்தல்ல எங்க அமைச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"சொல்லாம இருக்கணும், தெங் ஐயா. உங்க வீட்டுப் புறா இப்ப உள்ள நிலையிலேயே இருக்கும்."

உள்ள நிலை என்றால் என்ன என்பதை வாரியம் அன்று மாலையே முடிவுசெய்தது. கூண்டுக் கதவை மூடினால் அது நோய்த்தடுப்புக் காவல், அதாவது புறா வெளியிலிருந்து வந்தது என்று பொருள். திறந்துவிட்டால் புறா வீட்டில் இருக்கிறது என்று பொருள். ஆகவே தச்சரை வரவழைத்துக் கதவைப் பாதி திறந்த நிலையில் இரும்புப் பட்டை வைத்து அறைந்தார்கள். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள். கதவு அதற்கு மேல் திறக்காமல் நோய்த்தடுப்புக் காவலர் பார்த்துக்கொள்வார், அதற்கு மேல் மூடாமல் வாரியத்துக் காவலர் பார்த்துக்கொள்வார்.

"பாதி திறந்தா பூனை முழுசா வருமே, ஐயா" என்றான் ஆ-ஹோக்.

"பூனை எங்க வாரியத்துக்குக் கீழ வராது."

அதனால் ஆ-ஹோக் சிலிண்டர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கையில் துடைப்பத்தோடு இரண்டு காவலர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். காவலர்கள் இருவரும் நல்லவர்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மீன் கஞ்சி குடித்தார்கள். பூனை வந்தபோது இருவரும் கதவைத்தான் பார்த்தார்கள்.

ஃபாங் தினமும் வந்தார். வந்தவுடன் விசாரணை.

"வந்ததிலேர்ந்து தீனி மாத்திக் கேக்குதா?"

"புறா கேக்காதுங்க. போட்டதைத் தின்னும்."

"உக்காரும்போது எந்தப் பக்கம் பாத்து உக்காருது?"

"காத்துக்கு எதிரா."

"காத்து எங்கிருந்து வருது?"

"இந்த மாசத்துல வடக்கேயிருந்துதாங்க வரும்."

ஃபாங் ஒரு பெருமூச்சு விட்டார். "காத்துமா அங்கேர்ந்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முட்டைக்கு அப்பன் யாரு?" என்று கேட்டார்.

"உள்ளே உக்காந்திருக்கானே, அவன்தான்."

"அவன் உக்காந்திருக்கான். நான் அதைக் கேக்கலை."

"ஐயா, முட்டை இடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வந்தா. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க."

"நான் போடக்கூடாது. சரி, உங்க தாத்தா எந்தக் கரைலேர்ந்து வந்தவர்?"

"எல்லாத் தாத்தாவும் வந்த கரைலேர்ந்துதான். உங்க தாத்தா, ஐயா?"

துணை இயக்குநர் அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

ஆனால் கேட்ட கேள்வி ஆ-ஹோக்கின் மண்டைக்குள் தங்கிவிட்டது. அவன் எள்ளுருண்டையைக் கவனிக்க ஆரம்பித்தான். குனுகல் முன்பு மாதிரிதான் இருக்கிறதா? இழுத்துக் குனுகுகிறதோ? முன்பெல்லாம் கையில் ஏறும், இப்போது ஏறும் முன் ஒரு கணம் யோசிக்கிறதே, அது என்ன யோசனை? "அங்கே உனக்கு என்னடி குடுத்தாங்க?" என்று மக்காச்சோளத்தை நீட்டிக்கொண்டே மெல்லக் கேட்டான். காவலர்கள் இருவரும் அதைக் கேட்டுத் தனித்தனியாகத் தங்கள் அலுவலகத்துக்குச் சொன்னார்கள். ஆ-ஹோக் பிறகு காவலர்களையும் சந்தேகப்பட்டான். ஒருநாள், "ஏன் நேத்து கஞ்சில இஞ்சி கூட இருந்துச்சு?" என்று மனைவியிடமே கேட்டான்.

"ம், எதிர்க்கரை ஒற்றன் சொன்னான், போட்டேன். யோவ், ஒரு புறாவைப் பாத்துக்கச் சொன்னா நீ வேவு பாக்கிறியா? இந்த வீட்டுல மூணாவது காவலனுக்கு எல்லாம் கஞ்சி கிடையாது, சொல்லிட்டேன்."

அந்த வாரம் எதிர்க்கரைத் தொலைக்காட்சியில் ஒரு அறிவிப்பாளர் எழுந்து நின்று பேசினார். நீல வளையம் அணிந்த அந்தப் பறவை பண்டைக் காலம் தொட்டுத் தாயகத்தின் பிரிக்கமுடியாத இறகு என்றார். முட்டைகள் இரண்டும் உறவினர்கள் என்றார். உறவினர்களை அன்போடு அழைத்துக்கொள்வோம், அழைத்தும் வராவிட்டால் வேறு வழிகளைக் கைவிடவில்லை என்றார். மத்தியானம் போர் விமானங்கள் கடலுக்கு மேல் வட்டமடித்தன. கஞ்சிக்கடை வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. "மீன் தலை இருக்கா, தீர்ந்துடுச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

மறுநாள் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒரு பெரிய நாட்டுக்காரர். அந்த நாட்டுக்கு இந்தத் தீவில் தூதரகம் கிடையாது, தூதரகத்தைவிடப் பெரிதாக ஒரு கட்டடம் மட்டும் உண்டு. ஊர்ப் பேச்சைத் தண்ணீர் மாதிரிப் பேசினார்.

"நான் இங்கே வரலை, அக்கா."

"வராதவங்களுக்குக் கஞ்சி உண்டா?"

"உண்டு. ரெண்டு கிண்ணம். ஒண்ணுல மீன் தலை."

குடித்து முடித்துவிட்டு மாடிக்கு ஏறினார். கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றார். "எங்க நிலைப்பாட்டைச் சொல்லிடறேன். இங்கே ஒரு புறா இருக்கிறதாவும் அது தங்களோடதுன்னும் அந்தக் கரைக்காரங்க சொல்றாங்க. சொல்றாங்கங்கிறதை நாங்க கவனத்துல எடுத்துக்கிட்டிருக்கோம். புறா இருக்கா இல்லையாங்கிறதுல நாங்க எந்தப் பக்கமும் இல்லை. இருந்தா, அது பத்திரமா இருக்கணும்னு ரொம்ப ஆசைப்படறோம்."

ஆ-ஹோக் துடைப்பத்தைக் கீழே வைத்தான். "அப்ப பூனை வந்தா வந்து காப்பாத்துவீங்களா, ஐயா?"

"காப்பாத்துவோமா மாட்டோமான்னு பூனைக்குத் தெரியாம இருக்கணும். அதுலதான் பாதுகாப்பே இருக்கு."

"பூனைக்குத் தெரியவேண்டாம் ஐயா. எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க."

"உங்களுக்கும் தெரியக்கூடாது." வெள்ளைக்காரர் அன்போடு அவன் தோளைத் தட்டினார். "ஆனா எங்ககிட்ட நல்ல கூண்டு இருக்கு. உறுதியான கம்பி. விலைக்குத் தருவோம். இப்ப சொல்லி வெச்சா நாலஞ்சு வருசத்துல வந்துடும்."

"பூனை நேத்தே வந்துட்டுப் போச்சுங்க."

"அதையும் கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லி, வராதவர் இறங்கிப் போனார்.

இப்படியே போயிருந்தால் எள்ளுருண்டை பாதிக் கதவுக்குள் கிழவியாகிச் செத்திருக்கும். டாக்டர் பான்தான் ஒரு காலையில் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும்" என்றாள்.

ஃபாங் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "பொரிஞ்சிடுமா? யார் அனுமதி குடுத்தது?"

"அதுங்க கேக்கலை, சார்."

"முட்டைன்னா நாம ஒண்ணும் சொல்லவேண்டியதில்லை. குஞ்சுன்னா ஒரு நிலைப்பாடு வேணுமே!"

அன்றே தலைநகரில் கூட்டம் போட்டார்கள். மறுநாள் காலை வாரியத் தலைவர் யென் தோங்காங் துறைமுகத்துக்கு நேரிலேயே வந்து இறங்கினார். வெள்ளைத் தலை, வெள்ளைக் கையுறை, பேசாதபோதும் பேசுகிற மாதிரியே இருக்கும் வாய். எள்ளுருண்டையை நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முடிவு என்று பெயரிடக்கூடாது, 'முடிவு போன்ற ஒன்று' என்று சொல்லச் சொன்னார் ஃபாங்.

"முட்டையை விட்டு அவளைப் பிரிக்கிறதா?" என்றான் ஆ-ஹோக். "வேண்டாம் ஐயா. பேசாம டாக்டரம்மா வளையத்தை வெட்டிடட்டும். நான் அந்தப் படத்தையும் அழிச்சிடறேன். அவ எங்கேயும் போகலைன்னு சொல்லிடறேன்."

"நீங்க சொன்னா நாங்க நம்பவேண்டியிருக்கும். அப்புறம் நம்பினதுக்கு விளக்கம் குடுக்கணும்."

கடற்காவல் கப்பலில் போனால் அது அரசாங்கம் போனது மாதிரி ஆகிவிடும். ஆகையால் ஒரு மீன்பிடிப் படகைப் பேசினார்கள். கொடியைக் கழற்றிவிட்டார்கள். படகின் பெயரையும் நாடா ஒட்டி மறைத்தார்கள். தலைவர், ஃபாங், டாக்டர் பான், வராமலே வந்திருந்த வெள்ளைக்காரர், மடியில் கூடையோடு ஆ-ஹோக், குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் விநியோகித்தபடி படகோட்டி. கரை மறைந்து ரொம்ப நேரம் கழித்து இஞ்சினை நிறுத்தினார்கள்.

"இதுதான் நடுவா?" என்றார் தலைவர்.

"நடுன்னு ஒரு கோடு இருக்குன்னு நாம சொல்றோம், ஐயா. இல்லைன்னு அவங்க சொல்றாங்க" என்றார் ஃபாங்.

"மீனு எதுவும் சொல்லாது. இங்கேயே விட்டுடுங்க, அலை ஏறுது" என்றான் படகோட்டி.

தலைவர் யென் கைக்குழல் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். கேட்க ஐந்து பேரும் கடலும்தான் இருந்தோம் என்று படகோட்டி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான்.

"அன்பர்களே! எங்கள் வாரியம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒரு முடிவுகூட எடுத்ததில்லை என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன். முடிவெடுப்பது எளிது. மீன் விற்பவள்கூடக் காலையில் எழுந்து முடிவெடுக்கிறாள். எடுக்காமல் இருப்பதற்குத்தான் படித்தவர்கள் வேண்டும், கட்டடம் வேண்டும், ஓய்வூதியம் வேண்டும். எனக்கு முன்னிருந்த தலைவர்கள் இந்தப் பிரச்சினையை எனக்குச் சேதமில்லாமல் ஒப்படைத்தார்கள். நானும் அதைச் சேதமில்லாமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பேன். இந்தப் பறவை வீடு திரும்புவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. திரும்பாமல் இருப்பதையும் ஆதரிக்கவில்லை. நாங்கள் ஆதரிப்பது, அது பறந்துகொண்டே இருப்பதை!"

ஃபாங் கைதட்டினார்.

"எவ்வளவு நேரம், ஐயா?" என்றான் ஆ-ஹோக்.

"என்ன எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரம் பறக்கணும்?"

"தகுந்த காலம் வரும்வரை."

"புறா தண்ணில உக்காராது, ஐயா. களைச்சா விழுந்துடும்."

தலைவர் ஃபாங்கைப் பார்த்தார். ஃபாங் டாக்டர் பானைப் பார்த்தார். டாக்டர் பான் தலையாட்டினாள். தலைவர் மீண்டும் ஒலிபெருக்கியைத் தூக்கி, "இந்தத் தகவல் இதுவரை வாரியத்தின் பார்வைக்கு வரவில்லை" என்று கடலுக்கு அறிவித்தார். "பறவையைத் திறக்கலாம்."

ஆ-ஹோக் கூடையைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வடக்குக் காற்று முகத்தில் உப்பை அடித்தது. ஃபாங் குனிந்து, "தெங் ஐயா, திறக்கலேன்னா டாக்டர் பெட்டியைத் திறப்பாங்க" என்றார். டாக்டர் பான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் பெட்டி அவள் மடியில்தான் இருந்தது.

திறந்தான்.

எள்ளுருண்டை ஒரு கணம் விளிம்பில் நின்று, கிளம்பியது. புறா வழக்கப்படி திசை பிடிக்கப் படகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. "உள்ள நிலை!" என்று ஃபாங் கைதட்டினார். இரண்டாவது வட்டம். தலைவரும் தட்டினார். மூன்றாவது வட்டத்தில் அது உயரமெடுத்ததும் தலைவருக்குச் சட்டென்று ஏதோ தோன்றிவிட்டது.

"திரும்புங்கள்! எல்லாரும் திரும்புங்கள்! எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் பார்த்ததாகிவிடும்!"

மூன்று அதிகாரிகளும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் தன் காலணிகளைக் கவனத்தில் எடுத்துக்கொண்டார். படகோட்டி மிட்டாய்த் தாளைப் பிரித்தான். ஆ-ஹோக் மட்டும் அண்ணாந்து நின்றான். அவள் தென்கிழக்கே, தோங்காங் பக்கம் திரும்பி, இறக்கையை ஒடுக்கி, தண்ணீருக்குச் சற்று மேலாகத் தாழ்ந்து போவதைப் பார்த்தான். ஓர் அலை எழும்பியது. அது இறங்கியபோது புள்ளி இன்னும் இருந்தது. அடுத்த அலை இறங்கியபோது இல்லை.

"எங்கே போச்சு?" என்று யாரோ கேட்கப்போக, "சொல்லாதீங்க!" என்று தலைவரே ஆ-ஹோக்கின் வாயைப் பொத்தினார். கையுறையில் கற்பூர வாசனை அடித்தது.

திரும்பும் வழியெல்லாம் அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். சாம்பல் நிறத்தில் எது மிதந்தாலும் எழுந்து நின்றான். ஒரு செருப்பு. ஒரு தெர்மகோல் துண்டு. இத்தனை பேர் இத்தனை நாளாய்க் காப்பாற்றினார்களே, யாரை என்று முதல் தடவையாக யோசித்தான். துறைமுகத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுப் படியில் யிங்-தாவ் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். "அவ மத்தியானமே வந்துட்டா. தண்ணி குடிச்சா, புருசனை இடிச்சுத் தள்ளிட்டு முட்டைமேல ஏறி உக்காந்துட்டா. ஒண்ணுல மூக்கு தெரியுது. யோவ், படில ஏன்யா உக்கார்றே? அழறதுன்னா மேல வந்து அழு, வாடிக்கைக்காரங்க வர்ற நேரம்."

சற்று நேரத்தில் ஃபாங் வந்தார். மாடிப்படி வரை வந்து நின்றுவிட்டார்.

"பறவை எதுவும் வரலைதானே, தெங் ஐயா?"

"மேல வந்து நீங்களே பாருங்க" என்றாள் யிங்-தாவ்.

"வேண்டாம், வேண்டாம்! பாத்தா எழுதணும்." காதைச் சாய்த்தார். "அது என்ன சத்தம்?"

"வாஷிங் மெஷின்."

"வாஷிங் மெஷின் குனுகுமா?"

"பழசு."

ஃபாங்குக்கு நிம்மதி வந்தது. காவலர்களை அழைத்துக்கொண்டார். கதவுப் பட்டையையும் கழற்றச் சொன்னார். இல்லாத பறவைக்குப் பாதிக் கதவு எதற்கு? படியில் கால் வைத்தவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன். குஞ்சுன்னு ஏதாவது இருந்தா, இருக்காது, இருந்தா, அதுங்களுக்குச் சங்கத்து வளையம் போட்டுடாதீங்க. போட்டா இந்தக் கரைன்னு நாம அறிவிச்ச மாதிரி. அடுத்த கூட்டத்துல பேசிச் சொல்றோம்."

"அடுத்த கூட்டம் எப்ப, ஐயா?"

"அதுக்குத் தேதி வைக்கத்தான் ஒரு கூட்டம் போடணும்."

சங்கத்து வளையம் என்பது மூடிய வட்டம். குஞ்சு பொரிந்து ஒரு வாரத்துக்குள், கால் பிஞ்சாக இருக்கும்போது விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைக்கவேண்டும். முன்னால் போட்டால் கழன்றுவிடும். பின்னால் போட நினைத்தால் நுழையவே நுழையாது, ஆயுசுக்கும் இல்லை. வளையமில்லாத புறா பந்தயத்தில் சேராது. வழிதவறினால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். எவன் கையில் கிடைத்தாலும் அவனுக்கு அது இறைச்சி.

ஆ-ஹோக் அதுவரை யார் சொன்னதையும் மீறியதில்லை. பாதிக் கதவென்றால் பாதிக் கதவு, திற என்றால் திறந்தான். இரண்டு குஞ்சுகளும் மஞ்சள் பஞ்சு மயிரோடு கண் திறந்தன. தினமும் காலையில் அவன் அவற்றின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து கஞ்சி குடித்தான். ஃபாங்கும் தினமும் கடைக்கு வந்தார். அரசாங்க வேலையாக இல்லை, கஞ்சி பிடித்துப்போய்விட்டது. மேலே பார்க்காதபடி கூரைக்கடியில் உள்ள மேசையில் உட்கார்வார்.

அன்று காலை அவர் உட்கார்ந்திருந்தபோது ஆ-ஹோக் கீழே இறங்கி வந்து, சமையல் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே போனான். யிங்-தாவ் அவன் முதுகைப் பார்த்தாள். அகப்பையைத் துணைக்கு நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஏறினாள்.

"பிடி" என்றான். "கழுத்தை இல்லை, உடம்பை. அமுக்காதே."

"எனக்குத் தெரியும். நான் ரெண்டு பெத்தவ."

எள்ளுருண்டை பொந்தின் ஓரத்தில் நின்று, இரண்டு காலிலும் இரண்டு வளையத்தோடு, இருவரையும் சந்தேகமாகப் பார்த்தது. ஆ-ஹோக் சட்டைப் பையிலிருந்து இந்த வருடத்துச் சங்க வளையத்தை எடுத்து எண்ணெயில் முக்கினான். குஞ்சின் முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்தான். நுழைய மறுத்தது.

"நாள் கடந்துடுச்சா?" என்றாள் யிங்-தாவ் மெல்ல.

அவன் வளையத்தை இன்னொரு தடவை எண்ணெயில் முக்கினான்.

கீழேயிருந்து ஃபாங்கின் குரல் வந்தது. வாயில் கஞ்சியோடு கேட்டார். "தெங் ஐயா! நிலைமை எப்படி? மாற்றம் ஒண்ணும் இல்லையே?"

வளையம் மூட்டைத் தாண்டி வழுக்கியது. பின்விரலை நகத்தால் மெதுவாக வெளியே எடுத்துவிட்டான். குஞ்சு ஒரு கீச்சொலி போட்டுவிட்டு, காலை உதறிப் பார்த்தது. நின்றது.

"ஒண்ணும் இல்லீங்க, ஐயா!" என்று கீழே பார்த்துக் கத்தினான் ஆ-ஹோக். "எல்லாம் அப்படியேதான் இருக்கு!"

"ரொம்ப நல்லது! அப்படியே வெச்சுக்கோங்க!"

"சரிங்க, ஐயா" என்றான். பிறகு யிங்-தாவிடம், "ம், அடுத்ததை எடு" என்றான்.